தங்கை வீட்டுத் துப்பாக்கி

தங்கையைப் பார்த்து ஒன்பது வருஷமாகிறது, போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லித்தான் எஸ்டேட் மேனேஜரிடம் லீவு வாங்கினேன். மனைவியிடமும் அதையே சொன்னேன். அவள் எஸ்தருக்கென்று இரண்டு மலாய் பத்திக் துணியும் ஒரு டின் பிஸ்கோத்தும் கட்டிக் கொடுத்தாள். பினாங்கில் கப்பல் ஏறும்வரை நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். நடுக்கடலில், செய்வதற்கு வேலை எதுவும் இல்லாத ஒரு மத்தியானத்தில், எனக்கு நானே ஒத்துக்கொண்டேன். நான் பார்க்கப் போவது ஒரு துப்பாக்கியை.

துப்பாக்கி என் தங்கை புருஷன் சாலமனுடையது. ஒன்றல்ல, மூன்று வைத்திருந்தான். ஒரகடத்துக்குப் பக்கத்தில் வடக்குப்பட்டில், கல்குவாரியில் வெடி வைக்கிற வேலை அவனுக்கு. பழைய பட்டாளத்துத் துப்பாக்கி எங்கே ஏலத்துக்கு வந்தாலும் போய் நிற்பான். லைசென்ஸ் வாங்க கலெக்டர் ஆபீசுக்கு நடையாய் நடப்பான். கடைசியில் வாங்கியும் விடுவான்.

நான் பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணி. ஆபீஸ் குமாஸ்தாவை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். கம்யூனிஸ்ட் கலவரக் காலத்தில் தோட்டத்து ஆபீஸ்காரர்களுக்கெல்லாம் பட்டாளத்து ரைபிள் கொடுத்துச் சுடப் பழக்கினார்கள். ஐந்து வருஷம் அந்த ரைபிளைக் கட்டிலுக்குப் பக்கத்தில் சாத்திவைத்துத் தூங்கினேன். கலவரம் ஓய்ந்ததும் ஒரு லாரி வந்து அத்தனையையும் வாரிக்கொண்டு போயிற்று. எனக்கு மிஞ்சியது டவுன் கிளப். ஞாயிற்றுக்கிழமை போய்க் கையெழுத்துப் போட்டு ஒரு ரைபிளை வாங்க வேண்டும், பத்துத் தோட்டா சுட வேண்டும், துடைத்துத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அடுத்தவன் குழந்தையைக் கொஞ்சிவிட்டு இறக்கிவிடுவது போல.

சாலமன் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கடிதம் போடுவான். கூடவே நாலாக மடித்த டார்கெட் காகிதம் ஒன்று இருக்கும். ‘நூறு கஜம்’ என்று மூலையில் பென்சிலால் எழுதியிருப்பான். நடுவில் கறுப்பு வட்டம். அதற்குள் ஐந்து ஓட்டை. ஒரு தீப்பெட்டியை வைத்தால் ஐந்தும் மறைந்துவிடும். வைத்துப் பார்த்திருக்கிறேன். என்னுடைய ஐந்தை மறைக்கச் சோற்றுத் தட்டு வேண்டும். அந்தக் காகிதம் வந்த நாளிலெல்லாம் எனக்குச் சாப்பாடு இறங்காது. துப்பாக்கி நல்லது, அதனால் சுடுகிறான் என்று மனைவியிடம் சொல்வேன். அவள் ஆமாம் என்பாள். அது எனக்குப் போதாது.

சென்னைத் துறைமுகத்தில் இறங்கியது ஒரு வியாழக்கிழமை. வெயில் எங்கள் ஊர் வெயில் போல ஈரமாக ஒட்டவில்லை, காய்ந்து அடித்தது. ஸ்ரீபெரும்புதூர் வழியாக ஒரகடம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு தெலுங்குத் தம்பதி. தோட்டத்தில் பழகிய தெலுங்கில் அவர்கள் பேசுவது எனக்குப் புரிந்தது. “உன் தம்பி டிரான்சிஸ்டர் வாங்கிட்டான். நீ எனக்கு என்ன வாங்கிக் குடுத்தே?” என்றாள் மனைவி. “சீப்பு வாங்கிக் குடுத்தேனே” என்றான் அவன். அதற்கப்புறம் குன்றத்தூர்வரை இருவரும் பேசவில்லை. எனக்கு அந்தப் பெண்மேல் ஒரு பிரியம் வந்தது.

குன்றத்தூரில் டயர் வெடித்தது. மாற்று டயரும் காற்றில்லாமல் கிடந்தது. மலைக்கோயில் படிக்கட்டுக்கு எதிரே ஒரு கடையில் உட்கார்ந்து இரண்டு டீயும் மூன்று மசால்வடையும் சாப்பிட்டேன். பேராக்கில் டீ என்றால் கெட்டிப்பாலும் சாயமும்தான். இங்கே பசும்பால். முதல் வாய்க்குத் தொண்டை திகைத்தது, இரண்டாவதற்கு மலாயாவே மறந்தது. கண்டக்டர் டயரை உருட்டிக்கொண்டு வர இரண்டு மணி நேரம் ஆயிற்று. “இன்னா சார், அவசரமா?” என்று கேட்டார். தங்கையைப் பார்க்கப் போகிறேன் என்றேன். “அப்ப ஒண்ணும் அவசரமில்ல” என்றார்.

ஒரகடம் கூட்டு ரோட்டில் சாலமன் சைக்கிளோடு நின்றிருந்தான். முகத்திலும் முடியிலும் கல்தூள். “வாங்க மச்சான்! இன்னா, பஸ்ஸு பஞ்சரா? நாலு மணிலேந்து நிக்கறேன்” என்று சொல்லிப் பெட்டியைக் கேரியரில் வைத்துக் கட்டினான். வழி நெடுக ஒரு பக்கம் ஏரிக்கரை, மறுபக்கம் வேர்க்கடலைக் கொல்லை. தூரத்தில் வெள்ளையாகத் தெரிந்த குன்றைக் காட்டி, “அதான் நம்ம குவாரி” என்றான். சுடுவது அங்கேதானா என்று கேட்டேன். தங்கை எப்படி இருக்கிறாள் என்று நான் கேட்டது அதற்கப்புறம்தான்.

எஸ்தர் இளைத்திருந்தாள். ஊர் மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர். சாக்பீஸ் வெள்ளை அப்பிய விரல்களோடு ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, “இன்னாண்ணே, முடியெல்லாம் கொட்டிப்போச்சி?” என்று கேட்டுச் சிரித்தாள், அழுதாள். கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும் செய்திருந்தாள். நாக்கு அந்த ருசியை உடனே அடையாளம் கண்டுகொண்டது. அவள் தன் பள்ளிக்கூடத்தைப் பற்றி ஏதேதோ சொன்னாள். நான் தலையாட்டிக்கொண்டே, உள்ளறைக் கதவுக்குப் பின்னால் தெரிந்த நீளமான மரப்பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை சாலமன் அதைத் திறந்தான். முதலில் ஒரு மார்ட்டினி ரைபிள். எண்பது வயது இருக்கும், கைப்பிடியைக் கீழே தள்ளினால் வாயைத் திறக்கும், தோட்டா கிடைக்காததால் இப்போது வெறும் அழகுக்கு. அடுத்தது போலீசார் கழித்துப்போட்ட மஸ்கட். மூன்றாவதை அவன் ஒரு பழைய கம்பளியிலிருந்து பிரித்தெடுத்தபோது நான் எழுந்து கிட்டே போனேன். அமெரிக்கன் என்ஃபீல்டு. யுத்தம் முடிந்து போகும்போது அமெரிக்கக்காரர்கள் விட்டுப்போன சரக்கு. வால்நட் கட்டை, ஆளிவிதை எண்ணெய் தேய்த்துத் தேய்த்துப் பலாச்சுளை போலப் பளபளத்தது. தோளில் வைத்தேன். எனக்கென்றே அளவெடுத்துச் செய்தது போல உட்கார்ந்தது.

“முன் சைட்டப் பாருங்க மச்சான்” என்றான் சாலமன். குழாய் நுனியில் குறி பார்க்கிற சின்னத் தகடு ஒரு காடிப் பள்ளத்தில் உட்கார்ந்திருந்தது. தகட்டின் அடியில் ஊசியால் கீறிய ஒரு கோடு, குழாய்மேல் இன்னொரு கோடு. “இந்தக் கோடும் அந்தக் கோடும் ஒண்ணா கீதா? இது நாங்க ரெண்டு மாசம் பாடுபட்டுப் புடிச்ச எடம். ஒரு மயிரு நகந்துச்சின்னா நூறு கஜத்துல நாலு விரக்கட தள்ளிப்பூடும்.”

நாங்கள் என்றானே, யார் என்று நான் கேட்கவில்லை. கிளப் ஆட்களைச் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை இருவரும் கறியும் அரிசியும் வாங்க வாலாஜாபாத் போனோம். ஞாயிற்றுக்கிழமை துப்பாக்கி கிளப் ஆட்களுக்கு அவன் வீட்டில் சாப்பாடு. தாலுகாவில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து நடத்தும் சின்ன கிளப் அது. மாதத்தின் முதல் ஞாயிறு, வேலை நடக்காத குவாரியில், பாறைச் சுவருக்கு எதிராகச் சுடுவார்கள். இந்த மாதம் விசேஷம். சென்னையில் நடக்கப்போகும் ஒரு போட்டிக்கு நாலு பேரை அனுப்ப வேண்டும். மூன்று பேர் முடிவாகிவிட்டது. நாலாவது ஆளைச் செயலாளர் நாளைக்குத் தேர்ந்தெடுப்பார்.

கடைத்தெருவில் நாங்கள் போன பக்கமெல்லாம் “வணக்கம், துப்பாக்கி சாலமன்!” என்றார்கள். கறிக்கடைக்காரர் எடைக்கு மேலே ஒரு துண்டு போட்டார். டீக்கடையில் ரைஸ் மில் கோபால் என்பவரைப் பார்த்தோம். அவரும் கிளப் ஆள்தான். “நாளைக்கி நாலாவது எடத்துக்கு நான் கீறேன், சாலமன் வூட்டுலேந்து ஒரு ஆளு கீது. பாத்துக்கலாம்” என்று சொல்லிச் சிரித்தார். சாலமன் என்னைக் காட்டி, “எம் மச்சான். மலாயாவுல பட்டாளத்து ரைபிளே சுட்டவரு” என்றான் பெருமையாக. மில்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, சாலமனிடமே பேச்சைத் தொடர்ந்தார்.

பேராக்கில் என்னை யாரும் துப்பாக்கிக்காரன் என்று அழைத்ததில்லை. கிராணி என்பார்கள், அல்லது வாயால் எதுவும் சொல்லாமல் பேரேட்டை நீட்டுவார்கள். எட்டாவதுகூடத் தாண்டாத இந்தப் பையனுக்கு ஊரே வணக்கம் வைக்கிறது. திரும்பி வரும் பஸ்ஸில் அவன் எனக்கு ஜன்னல் சீட்டைக் கொடுத்தான், கறிப்பையைத் தன் மடியில் வைத்துக்கொண்டான், வழியில் வந்த ஒவ்வொரு ஊரின் பெயரையும் சொன்னான். அவன் நல்லவனாக இருந்தது என் எரிச்சலை இன்னும் கூட்டியது.

மத்தியானம் எஸ்தர், மறுநாள் ஆராதனைக்காக, மிஷன் கோயிலைக் கூட்டப் போனாள். சாலமன் குவாரிக்குப் போனான். நான் வீட்டில் தனியாக இருந்தேன்.

என்ன செய்யப் போகிறேன் என்று தெரியாமல் செய்தேன் என்று எழுத ஆசைதான். தெரிந்துதான் செய்தேன். பெட்டியைத் திறந்து என்ஃபீல்டை எடுத்துப் பாயில் கிடத்தினேன். அலமாரியில் சாலமனின் சுத்தியும் ஒரு பித்தளைத் துண்டும் இருந்தன. பித்தளையைத் தகட்டின் வலது பக்கம் வைத்து இரண்டு தட்டு தட்டினேன். நகரவில்லை. மூன்றாவது தட்டில் அரை அரிசிப் பருமன் இடப்பக்கம் போயிற்று. இரண்டு கோடும் இப்போது சேரவில்லை. ஆனால் தேடினால்தான் தெரியும். சைட் இடப்பக்கம் போனால் குண்டு வலப்பக்கம் போகும். நாளைக்குச் சாலமன் ஐந்தையும் வலப்பக்கம் விடுவான். ஒரு நாள், ஊருக்கு முன்னால், நான் பார்க்க, ஒரே ஒரு நாள். போட்டிக்கு வேறு யாராவது போகட்டும். துடைத்துக் கம்பளியில் சுற்றி வைத்துவிட்டு, எஸ்தர் மூடிவைத்திருந்த பணியாரத்தில் நாலு எடுத்துச் சாப்பிட்டேன். கை நடுங்கவில்லை. அதை நினைத்தால்தான் இப்போதும் பயமாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பத்தரைக்குக் குவாரி போய்ச் சேர்ந்தோம். ஆறு பேர் வந்திருந்தார்கள். செயலாளர் குன்றத்தூர்க்காரர், ஓய்வுபெற்ற சுபேதார். எல்லாரும் சுபேதார் சார் என்றுதான் அழைத்தார்கள். எழுபது வயதிலும் முதுகு குச்சி போல நின்றது. நூறு கஜத்தில் பாறைச் சுவருக்கு அடியில் டார்கெட். அதன் கீழே ஆளுயரப் பள்ளம். பள்ளத்தில் குவாரி வாட்ச்மேன் உட்கார்ந்து, ஒவ்வொரு குண்டுக்கும் கறுப்பு வட்டத்துக்கு உள்ளே என்றால் வெள்ளைத் தட்டைத் தூக்குவார், வெளியே என்றால் சிவப்புக் கொடியை ஆட்டுவார்.

மில்காரர் முதலில் படுத்தார். தன் மவுசர் ரைபிளில் ஐந்து சுட்டார். நாலு வெள்ளைத் தட்டு, ஒரு சிவப்புக் கொடி. எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு, “போதும்பா” என்றார்.

“அடுத்தது சாலமன் வீடு” என்று கூப்பிட்டார் சுபேதார்.

சாலமன் என்ஃபீல்டைக் கம்பளியிலிருந்து எடுத்தான். எடுத்து, திரும்பி, எஸ்தரிடம் நீட்டினான்.

என் தங்கை சேலைத் தலைப்பை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டாள். பாயில் குப்புறப் படுத்தாள். கால்களை அகட்டி, முழங்கைகளை ஊன்றி, கன்னத்தைக் கட்டையில் வைத்தாள். எத்தனையோ தடவை செய்த உடம்பு அது. பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது.

“மாப்ளே, எஸ்தரா சுடுது?” என்றேன்.

“பின்ன யாரு? நான் சுட்டா வட்டத்தக்கூடத் தொடாது மச்சான்” என்று சிரித்தான் சாலமன். “மூணு வருசம் முன்ன எனக்கு மஞ்சக்காமால வந்து படுத்துட்டேன்ல? கடலக் கொல்லைல பன்னி பூந்துச்சி. மஸ்கட்ட எடுத்துகினு இதான் போச்சி. அன்னிலேந்து புடிச்சது. உங்களுக்கு அனுப்புனேனே பேப்பருங்க, எல்லாம் இதோடதுதான்.”

அவள் தோட்டாக்களை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. பத்து விநாடி இருந்திருக்கும். நிறுத்து என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன்கூட. திறந்த வாய்க்குள் குவாரிப் புழுதிதான் போயிற்று.

முதல் குண்டு. சிவப்புக் கொடி. இரண்டாவது, சிவப்பு. எஸ்தர் தலையைத் தூக்கி டார்கெட்டைப் பார்த்தாள், மறுபடி கன்னத்தை வைத்தாள். மூன்று, நாலு, ஐந்து. ஐந்து தடவையும் அந்தச் சிவப்புத் துணி ஆடியது.

 “பரவால்லம்மா. எல்லாருக்கும் ஒரு நாள் அப்படி வரும்” என்றார் சுபேதார். “பொம்பளைங்களுக்கு இவ்ளோ பெரிய துப்பாக்கி தோள்ல ஒதைக்கும் சார்” என்றார் மில்காரர். எஸ்தர் துப்பாக்கியைத் திருப்பி முன் சைட்டைப் பார்த்தாள். விரலால் தடவினாள். “சைட்டு நகந்துகீது” என்றாள் மெதுவாக.

சாலமன் வந்து பார்த்தான்.  “காத்தால நான்தான் சைக்கிள்ல வெச்சி எடுத்தாந்தேன், எங்கியோ இடிச்சிட்டேன் போல. எந்தப்பு சார். எம்மேலதான் தப்பு” என்றான். தோற்றவர்கள் எல்லாரும் சைட்டைத்தான் சொல்வார்கள் என்கிற மாதிரி மில்காரர் வேறு பக்கம் பார்த்தார். எஸ்தர் தன் புருஷனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் முப்பது பிள்ளைகளில் பென்சிலை எடுத்தது எது என்று கண்டுபிடிக்கிற கண் அது.

வீட்டில் வரிசையாக இலை போட்டார்கள். தேங்காய்ப்பால் சோறு, ஆட்டுக்கறிக் குழம்பு, கத்தரிக்காய் வறுவல். எஸ்தர் தலைகுனிந்து பரிமாறினாள். சாலமன் சாப்பிடாமல் ஓரமாக நின்றான். நான் எட்டு நாள் கப்பலில் கனவு கண்ட கறிக்குழம்பு அது. ஒரு பிடி எடுத்து வாயில் வைத்தேன். எஸ்தர் என் இலைக்கு வந்து, நான் கேட்காமலே, எனக்குப் பிடித்த நெஞ்செலும்புத் துண்டாகப் பார்த்துப் போட்டாள். போட்டுவிட்டு அடுத்த இலைக்குப் போனாள்.

“நான்தான் நகத்தினேன்” என்றேன்.

சுபேதார், “என்ன?” என்றார்.

“சைட்டு. நேத்து மத்தியானம். சுத்தியால தட்டினேன். மாப்ள சுடப்போறாருன்னு நெனச்சேன். அவர் தோக்கணும்னு தட்டினேன்.”

கை கழுவாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். சாலமன் என்னை ஒரு நிமிஷம் பார்த்தான். திட்டுவான் என்று எதிர்பார்த்தேன், அடித்தால்கூட நல்லது என்று தோன்றியது. அவன் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

சுபேதார் இலையை மூடிவிட்டு எழுந்தார். “இன்னொருத்தன் ஆயுதத்துல கைய வெக்கிறவன் பட்டாளத்துல ஒரு நாள் நிக்க மாட்டான்” என்றார் என்னிடம். பிறகு எஸ்தரிடம், “இன்னிக்கி இன்னொரு தடவை சுடறியாம்மா?” என்று கேட்டார்.

“வேணாம் சார். கோவமா கீறேன். கை நிக்காது” என்றாள் அவள்.

“சரி. புதன்கிழமை வர்றேன். அஞ்சு தோட்டா. அதுக்கு மேல இல்ல. கோபால், உங்களுக்கு ஆட்சேபணை உண்டா?”

மில்காரர் யோசித்தார். “எனக்கின்னா சார். சுடட்டும். என் நாலு எங்கியும் போயிடாது” என்றார். சுபேதார் என்னைச் சுட்டிக் காட்டினார். “அன்னிக்குப் பள்ளத்துல உக்காந்து கொடி காட்டறது இவரு. அங்கேருந்து பாக்கட்டும்.”

சாயங்காலம் ஏரிக்கரையில் சாலமனைக் கண்டுபிடித்தேன். தண்ணீர் வற்றிய ஏரியில் மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. பக்கத்தில் உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்டேன். அவன் ஒரு கல்லை எடுத்து ஏரிக்குள் எறிந்தான்.

“மச்சான், அந்தப் பேப்பர்லல்லாம் அவ பேர எழுதி அனுப்பிகினு இருந்தா நீங்க இத செஞ்சிருக்க மாட்டீங்கல்ல?”

“மாட்டேன்னுதான் நெனைக்கறேன்.”

“பேர் போட்டு அனுப்புன்னுதான் அவ சொல்லுவா. நான்தான் போடல.” இன்னொரு கல்லை எடுத்து உள்ளங்கையில் உருட்டினான். “ஆசப்பட்டு வாங்குனது நானு. ரெண்டு வருசம் அலஞ்சேன். ஒரே மாசத்துல அவ என்னத் தாண்டிப் பூட்டா. சந்தோசந்தான். ஆனா மலாயாவுல ஒரு ஆளாவது நான் சுட்டதுன்னு நெனச்சிகினு இருக்கட்டுமேன்னு வுட்டுட்டேன்.”

 இருட்டுவதற்குள் எழுந்து வீட்டுக்கு நடந்தோம். அன்றிலிருந்து சாலமன் என்னோடு பழையபடி பேசினான். எஸ்தர் பேசவில்லை. திங்களும் செவ்வாயும், “அவர சாப்புடச் சொல்லு”, “அவர குளிக்கச் சொல்லு” என்று புருஷன் வழியாகத்தான் எனக்கு உத்தரவு வந்தது. சோறு மட்டும் குறையவில்லை. செவ்வாய்க்கிழமை மாலை அவளும் சாலமனும் குவாரிக்குப் போய்ச் சைட்டைப் பழைய கோட்டுக்குத் தட்டிக்கொண்டு வந்தார்கள். என்னைக் கூப்பிடவில்லை.

புதன்கிழமை குவாரியில் வேலை நாள். மேஸ்திரி அரை மணி நேரம் வெடியை நிறுத்திவைத்தார். தெலுங்கு பேசும் கல்லுடைக்கிற பெண்கள் சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு, எங்களுக்குப் பின்னால் தூரத்துக் கற்குவியல்மேல் ஏறி உட்கார்ந்தார்கள். “டீச்சரம்மா இன்னிக்கு யாரைச் சுடப் போகுது?” என்று ஒருத்தி கேட்டாள். “அவங்க அண்ணனைன்னு கேள்வி” என்று இன்னொருத்தி தெலுங்கில் சொன்னது எனக்கு நன்றாகவே புரிந்தது. நான் கொடியையும் தட்டையும் எடுத்துக்கொண்டு நூறு கஜம் நடந்து பள்ளத்தில் இறங்கினேன்.

சுடுகிற பக்கத்தில் இருபது வருஷமாக இருந்திருக்கிறேன். குண்டு வருகிற பக்கத்தில் அதுவரை இருந்ததில்லை. முன்னால் பாறை, தலைக்கு மேலே இரண்டு முழத்தில் காகிதம். முதலில் சாட்டை சொடுக்கியது போல ஒரு சத்தம், காகிதத்தில் ஒரு ஓட்டை, அப்புறம்தான் வேட்டுச் சத்தம் வந்து சேர்ந்தது. பாறைத்தூள் என் தலையில் உதிர்ந்தது. ஓட்டை கறுப்புக்கு நட்ட நடுவில். வெள்ளைத் தட்டைத் தூக்கினேன். கற்குவியலிலிருந்து கூச்சல் கேட்டது.

இரண்டாவது, முதல் ஓட்டைக்கு ஒரு விரல் தள்ளி. மூன்றாவது, இரண்டுக்கும் நடுவில். நாலாவது முதலாவதை உரசிக்கொண்டு போயிற்று. நாலு தடவை தட்டைத் தூக்கினேன். கடிதத்தில் வந்தபோது எத்தனையோ தடவை தீப்பெட்டி வைத்துப் பார்த்த அதே நெருக்கம், இப்போது என் கண்ணெதிரே, புகைவாசம் போகாமல். பெருமையாக இருந்தது. வயிறும் எரிந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

ஐந்தாவது வர நேரமாயிற்று. வந்தது. நிமிர்ந்து பார்த்தேன்.

கறுப்பு வட்டத்துக்கு வெளியே. வெளியே என்றால், ஓட்டைக்கும் கறுப்புக்கும் நடுவில் ஒரு நூல் வெள்ளை. கோட்டைத் தொட்டால் உள்ளே என்பது கணக்கு. கட்டைவிரல் நகத்தால் லேசாக அழுத்தினால் அந்த நூலும் கிழிந்து ஓட்டை கோட்டைத் தொட்டுவிடும். ஐந்துக்கு ஐந்து. மில்காரருக்கு நாலுதான். நான் கெடுத்ததை நானே சரிசெய்தது போல ஆகிவிடும். யாருக்கும் தெரியாது. கை காகிதம்வரை போயிற்று.

அங்கிருந்து சுபேதாரின் குரல் கேட்டது: “என்ன அங்க? காட்டுங்க!”

சிவப்புக் கொடியை எடுத்து ஆட்டினேன்.

எல்லாரும் நடந்து வந்தார்கள். சுபேதார் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு காகிதத்தில் மூக்கு படுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தார். “வெளியேதான். நாலு” என்றார். கையோடு கொண்டுவந்திருந்த மில்காரரின் ஞாயிற்றுக்கிழமைக் காகிதத்தை விரித்து, இரண்டையும் வெயிலுக்கு எதிரே தூக்கிப் பிடித்தார். மில்காரரின் நாலும் வட்டத்துக்குள் நாலு மூலையில் கிடந்தன. எஸ்தரின் நாலும் ஒரே இடத்தில். மில்காரரும் எட்டிப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, “அவங்க பேர எழுதுங்க சார்” என்றார். சுபேதார் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். சாலமன் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றான். மேஸ்திரி கைதட்டினார், பிறகு கடிகாரத்தைப் பார்த்து எல்லாரையும் விரட்டினார்.

மற்றவர்கள் முன்னால் நடந்துவிட்டார்கள். எஸ்தர் மட்டும் டார்கெட் பக்கத்தில் நின்றாள். அந்த ஐந்தாவது ஓட்டையையும் அதன் ஓரத்து வெள்ளை நூலையும் விரல் நுனியால் தொட்டுப் பார்த்தாள்.

“நெகத்தால தள்ளியிருந்தா உள்ள வந்திருக்கும்ல?” என்றாள். மூன்று நாளுக்குப் பிறகு என்னிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு.

“வந்திருக்கும்.”

“நீ தள்ளியிருந்தேன்னு வெச்சிக்கோ, சாவற வரிக்கும் உங்கூடப் பேசியிருக்க மாட்டேன்.”

நான் கொடியைச் சுருட்டினேன். அவள் போகவில்லை.

“நெசமா சொல்லுண்ணே. வெளியன்னு பாத்ததும் சந்தோசமா இருந்துச்சா உனுக்கு?”

சுபேதாரிடம் சொன்னதைவிட இதைச் சொல்வது கஷ்டமாக இருந்தது.

“கொஞ்சம்” என்றேன்.

எஸ்தர் சிரித்தாள். முதலில் சின்னதாக, பிறகு பாறைச் சுவரில் எதிரொலிக்கிற அளவுக்கு. சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கி, உள்ளே தோட்டா இல்லை என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்துவிட்டு, என்னிடம் நீட்டினாள்.

“வூடு வரிக்கும் நீ தூக்கினு வா” என்றாள். “எனுக்குத் தோள் வலிக்குது.”